இலை வண்டிக்கு நாலு டயர்

வண்டிகளைப் பற்றி அத்தான் வாயைத் திறந்தாலே குமுதாவுக்கு வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருக்கும். அக்கா புஷ்பவள்ளியின் கணவர் சிவநேசன், பாயான் லெப்பாஸில் குளுகுளு அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பிக்கப் வாங்கினார். அன்றிலிருந்து காட்டையும் மலையையும் கரைத்துக் குடித்தவர் போலத்தான் பேச்சு. அந்த வண்டி பார்த்த மிகப் பெரிய மேடு, பேரங்காடியின் கார் நிறுத்தத்துக்கு ஏறும் சரிவுதான்.

குமுதாவிடமும் அதே ரகப் பிக்கப் இருந்தது. அவளுக்குச் சோறு போட்டதே அதுதான். வாரத்தில் நாலு நாள் விடியலில் தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி கெப்பாலா பத்தாஸ் போவாள். சலேஹாவின் தோட்டத்தில் வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, மதியத்துக்குள் ஜார்ஜ்டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்துக்குள் போகும் வாய்க்கால் கரை மட்டும் களிமண்.

டயர் மாற்ற ஜெலுத்தோங்கில் அய்யாக்கண்ணுவின் கடைக்குப் போன அன்று, அழைக்காமலே சிவநேசனும் வந்து சேர்ந்தார்.

"டயர்ல புங்காவே இல்லையே தங்கச்சி, வெட்டெல்லாம் தேஞ்சு போச்சு. இதுலயா மழையில ஓட்டுற?" வழவழவென்று தேய்ந்திருந்த டயரைத் தடவியபடி அய்யாக்கண்ணு கேட்டார்.

குமுதா பதில் சொல்வதற்குள் சிவநேசன் முந்தினார். "மட் டயர் போடுங்க பாஸ். சேத்துல போற வண்டி. இவளுக்கு இதெல்லாம் தெரியாது."

அய்யாக்கண்ணு அவரைப் பார்க்கவே இல்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் சேறு?" என்று குமுதாவிடம் கேட்டார்.

"ஒரு கிலோமீட்டர் இருக்கும்ணே. மிச்சமெல்லாம் தார் ரோடு."

அவர் உள்ளே போய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "இத ஹைபிரிட்டுன்னு சொல்றாங்க. நடுவுல நெருக்கமா இருக்கு பாரு, அது ரோட்டைப் பிடிக்கும். ஓரத்துல கட்டை கட்டையா இருக்கே, அது சேத்துக்கு. முழங்கால் சேத்துல மட் டயர் மாதிரி ஏறாது. உன் வேலைக்கு இது போதும்."

"ஆணும் இல்லாம பொண்ணும் இல்லாம," என்று சிவநேசன் சிரித்தார். "வண்டிக்கு ஒரு கெத்து வேணாமா?"

குமுதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போன வருடம் பாலத்தில் டயர் பஞ்சரானபோது, விளக்கை மினுக்கவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்த மனுஷன். ஜாக்கி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இவள்தான் போய் மாற்றிக் கொடுத்தாள். அந்த வாயிலிருந்து கெத்து.

"ஹைபிரிட்டே போடுங்கண்ணே," என்றாள்.

அவள் வண்டி அளவில் இரண்டுதான் இருந்தன. மற்ற இரண்டும் செவ்வாய்க்கிழமைக்கு மேல்தான் வரும், நாலையும் சேர்த்தே மாற்றலாம் என்றார் அய்யாக்கண்ணு. இடையில் ஈப்போவில் தோழி வீட்டுக் கல்யாணம். குமுதா வண்டியையும் சாவியையும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறினாள்.

இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், வண்டி நாலு மட் டயரில் நின்றுகொண்டிருந்தது.

"என்னோடதுதான். எட்டு மாசந்தான் ஓடுச்சு. நான் புதுசு மாத்திக்கிட்டேன், இத உனக்குப் போட்டுட்டேன். உன் பழைய டயரெல்லாம் தூக்கிப் போட்டாச்சு," என்றார் சிவநேசன், தானம் கொடுத்த ராஜா மாதிரி.

தனக்கு வேண்டாததை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நன்றியையும் எதிர்பார்க்கிற ஆளிடம் என்ன பேசுவது? மறுநாள் காலை இலை எடுத்தாக வேண்டும். குமுதா சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வாய்க்கால் கரையில் வண்டி ஜோராகத்தான் ஏறியது. அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் டயர் போட்ட இரைச்சலில் ரேடியோகூடக் கேட்கவில்லை. பட்டர்வொர்த்தை நெருங்கும்போது மழை கொட்டத் தொடங்கியது. சிவப்பு விளக்கில் ஒரு ஃபேக்டரி பஸ் நின்றிருந்தது. வழக்கமாக மிதிக்கிற இடத்தில்தான் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்காமல் நனைந்த தாரில் வழுக்கிக்கொண்டே போயிற்று. பஸ்ஸின் பின் கண்ணாடி பெரிதாகி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் முகம்கூடத் தெரிந்தது. ஒரு சாண் இடைவெளியில் நின்றது. விளக்கு பச்சையான பிறகும் அவளால் உடனே எடுக்க முடியவில்லை.

இலைகளைக் கொடுத்து முடித்ததும் நேராக அய்யாக்கண்ணுவிடம் போனாள். மற்ற இரண்டு டயர்களும் அன்று காலைதான் வந்திருந்தன. நாலையும் மாற்றிக்கொண்டு, கழற்றியதைப் பின்னால் ஏற்றினாள்.

சிவநேசன் வாசலில் பிக்கப்புக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு டயராக இறக்கி அவர் காலடிக்கு உருட்டினாள்.

"என்ன இது?"

"உங்க டயர் அத்தான். இன்னிக்கு மழையில ஒரு பஸ்ஸுக்குள்ள போயிருப்பேன்."

"ஓட்டத் தெரியணும்லா. டயர் மேல பழி போட்டா ஆச்சா?"

கதவருகே நின்றிருந்த புஷ்பவள்ளிதான் பேசினாள்.

"இதைத்தான் என்கிட்டயும் சொன்னீங்க."

அவர் திரும்பினார்.

"இந்த வண்டியில பிள்ளைய ஸ்கூல்ல விடப் போறப்ப வழுக்குது வழுக்குதுன்னு எட்டு மாசமா சொன்னேன். எனக்கு ஓட்டத் தெரியலன்னீங்க. நானும் நம்பிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "இப்பப் புதுசா போட்டிருக்கறதும் அதே மட் டயர்தானே?"

மெழுகுத் துணியை உதறிக்கொண்டே சிவநேசன் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். குமுதாவுக்கு அவர்மேல் இருந்த எரிச்சல்கூட அந்த நிமிஷம் வடிந்துவிட்டது. மிஞ்சியது வெறும் அலட்சியம். அக்காவைப் பார்த்தபோதுதான் நெஞ்சு கனத்தது.

அந்த வாரமே புஷ்பவள்ளி தன்னந்தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு அய்யாக்கண்ணுவின் கடைக்குப் போய் நாலு ஹைபிரிட் மாற்றிக்கொண்டு வந்தாள். சிவநேசன் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து உறவினர் வீட்டு விருந்தொன்றில் அவர் பக்கத்திலிருந்தவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். "மட் டயரெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு லா. ஹைபிரிட்தான் சரி. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு நான்தான் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன்."

எதிர்ப் பந்தியிலிருந்த புஷ்பவள்ளி தங்கையைப் பார்த்தாள். குமுதா அத்தான் பக்கம் திரும்பக்கூட இல்லை. ரசம் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு கரண்டி விடச் சொன்னாள்.