ஆணியில் தொங்கிய சாட்டை

மருந்துக்கடையில் பூட்டுத் தொங்கியது. தொக்தோசுன் குதிரையை விட்டு இறங்காமலே சாட்டைக் கைப்பிடியால் கதவை இடித்தான். கைப்பிடியில் கசிமாலியின் ரத்தம் காய்ந்திருந்தது. காலையில் ஆட்டுடலைப் பறிக்கும் ஆட்டத்தில், குதிரைகள் முட்டிக்கொண்ட நெரிசலில், கீழூர் அணியின் கசிமாலியுடைய தாடையைப் பெயர்த்தவன் இவன்தான். அதே நெரிசலில் தம்பி எசென் கீழே விழுந்தான். யாரோ ஒருவனுடைய குதிரையின் லாடம் எசெனின் தொடையைக் கிழித்துவிட்டது. பெல்ட்டை இறுக்கிக் கட்டியும் ரத்தம் கசிந்தபடி இருந்தது. கணவாயில் பனி. ஆம்புலன்ஸ் வர மாலையாகும். இந்தக் கீழூரில் காயம் தைக்கத் தெரிந்தவள் மருந்துக்காரி ஜூராகான் ஒருத்திதான்.

"கதவ ஒடைக்காதடா" என்றாள் எதிரே ரொட்டி சுடுகிறவள். "யாரு வேணும்?"

"மருந்துக்கார அக்கா. வீடு எங்க?"

"ஆத்தோரம், நீலக் கதவு. புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிட்டு இருப்பா. கசிமாலி தாடையப் பேத்த மேலூர் மகராசன் நீதானாமே?"

மருந்துக்காரியின் புருஷன் கசிமாலிதான் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பிப் போனால் தம்பி செத்துப்போவான். குதிரையை விரட்டினான்.

நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போனான். சாட்டை கையிலேயே இருந்தது. சாட்டையோடு ஒருவன் வீட்டுக்குள் நுழைந்தால் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். விருந்தாளி அதை வெளி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வருவான். கசிமாலியின் மூத்த மகனுடைய முழங்கை மூக்கில் இறங்கிய பிறகுதான் தொக்தோசுனுக்கு அது உறைத்தது.

சாட்டையைக் கீழே போட்டான். இளையவன் கெண்டியால் மண்டையில் அடித்தான். சுடு டீ கழுத்தில் வழிந்தது. விழுந்தவனை இருவரும் மிதித்தார்கள். ஒரு விலா உள்ளே முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. திருப்பி அடிக்கவில்லை. வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பினான். அதோடு ஒரு பல்லும் போனது.

"அக்கா, தம்பி சாகுறான்... தொடை கிழிஞ்சு போச்சு..."

"சாகட்டும்" என்று மூத்தவன் கழுத்தில் காலை வைத்தான்.

மூலையில் தாடையைத் துணியால் கட்டி உட்கார்ந்திருந்த கசிமாலி கிண்ணத்தைச் சுவரில் எறிந்து உடைத்தான். மகன்கள் நின்றார்கள். அவன் பேச முடியாமல் பெண்டாட்டியைப் பார்த்துக் கதவுப்பக்கம் தலையை அசைத்தான்.

ஜூராகான் சாட்டையை எடுத்து மடித்து, வெளியே போய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

"இப்ப இவன் விருந்தாளி. இனிமே தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்." தையல் பையைத் தோளில் போட்டாள். "எந்திரிடா. சாட்டைய எடுக்காத. தம்பி பொழைச்சாலும் செத்தாலும் நீயே வந்து எடுக்கணும். அப்ப இவரு வாசல்ல நிப்பாரு. வாசலுக்கு வெளிய நிக்கிறப்ப நீ விருந்தாளி இல்ல; பட்ட அடியத் திருப்பித் தருவாரு."

எசென் பிழைத்தான். முழங்கை வரை ரத்தத்தோடு அவள் தைத்து முடித்தபோது அவனுக்குக் கத்திக் கத்திக் குரலே போயிருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தொக்தோசுன் நடந்தே கீழூருக்கு வந்தான். நீலக் கதவுக்கு வெளியே கசிமாலி நின்றிருந்தான். தாடையில் கட்டு, கையில் அந்தச் சாட்டை.

தொக்தோசுன் குல்லாயைக் கழற்றிக் கோட்டுக்குள் செருகினான். முகத்தை நிமிர்த்திக் காட்டினான்.