இன்வெர்ட்டர் காட்டிய வடக்கு

நல்லசிவத்துக்கு எந்த வீட்டைப் பார்த்தாலும் கோணலாகத்தான் தெரியும். வாஸ்து பார்ப்பது அவர் பிழைப்பு. 2008-ல் எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்த மனுஷர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நேரே பூசை அறைக்குள் போய்ப் பின்சுவரை ஒட்டிக் காந்த ஊசியை வைத்தார்.

“அண்ணாச்சி, சாமி கெழக்க பாக்கல, தெக்க சாஞ்சு பாக்குது. ரூமை இடிச்சுக் கட்டாம இங்கன பால் காய்ச்சப்படாது.”

அண்ணாச்சி என்பது என் மாமனார் செல்லச்சாமி. விருதுநகரில் மிளகாய் மொத்த வியாபாரம். “அப்ப இடிச்சிருவோம். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பழைய வீட்லயே இருங்க” என்று முடித்துவிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து கூட்டுக் குடும்பம். ஒரு டம்ளர் காப்பி போடக்கூட நாலு பேரைக் கேட்க வேண்டும். எனக்கென்று ஓர் அடுப்பு, அதுதான் நான் சாமியிடம் கேட்ட ஒரே வரம். மாமனாருக்கோ தனிக்குடித்தனமே பிடிக்கவில்லை. இன்றைக்குத் தள்ளிப்போனால் அப்புறம் எப்போதும் கிடையாது.

என் வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணனைப் பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். சரியான கல்லுளிமங்கன்.

வந்த ஆத்திரத்தில் ஊசியைக் குனிந்து பார்த்தேன். காலை வெயில் அந்த அறைக்குள் நேராக விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிறகு இந்த ஊசிக்கு என்ன கேடு? அப்போதுதான் தலைக்கு மேல் ஃபேன் ஓடுவது உறைத்தது. கரன்ட் போய் ரொம்ப நேரமாகிவிட்டது. வீடு முழுக்க ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் தடித்த சிவப்பு வயர் இதே சுவருக்குப் பின்னால், ஊசிக்குச் சற்றுத் தெற்கே தள்ளித்தான் மேலேறுகிறது. கறுப்பு வயர் ஜன்னலைச் சுற்றி வேறு வழியில் போகிறது; இரண்டும் ஒட்டிப் போயிருந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டியிருக்கும்.

காலேஜில் பிசிக்ஸ் படித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பைப் பரணில் போட்டாயிற்று. பூமி ஊசியை வடக்கே திருப்பும். வயரில் ஓடும் பேட்டரி கரன்ட்டும் ஒரு காந்தம் மாதிரிதான், அது வேறு பக்கம் திருப்பும். ஊசி இரண்டுக்கும் நடுவில் கோணிக்கொண்டு நிற்கும், அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்கும் என் வீட்டுக்காரர் மாதிரி.

“மாமா, ஊசியவே பாத்துக்கிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டுப் போய் இன்வெர்ட்டரை அணைத்தேன். ஃபேன் நின்றது. ஊசி ஆடி அசைந்து திரும்பி, பின்சுவரோடு ஒரே கோடாக நின்றது; சாமி கிழக்கேதான் பார்த்தது. மறுபடி போட்டேன், கோணியது. அணைத்தேன், நேரானது. மாமனாருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே போய்ப் போட்டு அணைத்து, ஓடி வந்து பார்த்தார்.

“கருவி சரிதான் அண்ணாச்சி, பாத்த நேரந்தான் சரியில்ல” என்றார் நல்லசிவம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

மாமனார் ஊசியை எடுத்து நல்லசிவத்தின் கையில் வைத்தார். “சரி, காய்ச்சுங்க” என்றார். அப்பாடா! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மாமியார் தங்கத்தாய் என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப்போனார். இத்தனை நேரம் அவரும் இடிக்கச் சொல்லும் கட்சி என்றுதான் நினைத்திருந்தேன்.

“எங்களுக்கும் தனியா ஒரு வீடு பாத்தாக, சுப்பு. மனை கோணல்னு ஒருத்தன் சொன்னான், ஒங்க மாமாவோட அய்யா, என் மாமனாரு, நிப்பாட்டிப்புட்டாரு. அன்னைக்கு வாயத் தொறக்க எனக்குத் தெரியல.”

தீப்பெட்டியை என் கையில் திணித்தார்.

“அவுக மனசு மாறுறதுக்குள்ள பாலை ஏத்து.”