பராமரிப்பு என்று போடு

முதுகைக் காட்டி நின்று, கொள்ளியைப் பின்புறமாக வைத்தான் நிலவன். மனைவி இசைப்பிரியாவுக்கு இருபத்தேழு வயது. மூச்சிரைப்பு. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துபோனது.

குழாயடியில் உறவுக்காரர்கள் காறித் துப்பி வாய் கொப்பளித்தார்கள். இவனுக்கு அடுத்து எங்கே பெண் பார்ப்பது என்று ஒருவர் அதற்குள் ஆரம்பித்திருந்தார். மடியில் போன் அதிர்ந்தது.

சிவசங்கர். சுடுகாட்டு மதிலுக்கு அந்தப் பக்கம், நிலக்கரி அரைக்கும் தனியார் ஆலையில் இவனுடைய சூப்பர்வைசர். மதிலோரம் ஆலையின் கருவி ஒன்று இருந்தது. ஒரு முனையிலிருந்து ஒளி கிளம்பி, முந்நூறு மீட்டர் தள்ளியுள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பும். திரும்பும் ஒளி எவ்வளவு மங்கியது என்பதைக்கொண்டு காற்றிலிருக்கும் தூசியைச் சொல்லும். எண் வரம்பைத் தாண்டினால், கண்ணாடி துடைத்த நேரம் என்று காட்ட, 'பராமரிப்பு' என்று போனிலேயே குறித்துவிடலாம். அந்த நேரத்து அளவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகாது. குறிப்பது நிலவனின் வேலை.

போன வாரம் இசைப்பிரியா படுக்க முடியாமல் உட்கார்ந்தே இழுத்துக்கொண்டிருந்த மூன்று நாளும், ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே மறு கைக் கட்டைவிரலால் அதைத்தான் செய்தான்.

சிவசங்கர் முதலில் வருத்தம் சொன்னார். எதையோ மென்றுகொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரீடிங் எகிறிக்கினு இருக்குது நிலவா. காத்து இந்தப் பக்கம் அடிக்கிது. மெயின்டனன்ஸ்னு போட்டுடு."

சிதைப் புகை மதிலைத் தாண்டிச் சாய்வதை நிலவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னிக்கு நெஜமாவே நம்ம பொகை இல்லடா. பொய் போடறோமேன்னு நெனைக்காத."

 

"அந்தப் பொகை நம்மளுதுதான் சார்."

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது.

"நான் போட மாட்டேன்."

அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியிருப்பதைச் சிவசங்கர் நினைவூட்டினார். நிலவன் இணைப்பைத் துண்டித்தான். கட்டைவிரலைப் பார்த்தான். ஈர வேட்டியில் தேய்த்தான். தோல் எரியும்வரை தேய்த்தான்.

பிறகு போனில் கருவியின் அளவு காட்டும் பக்கத்தைத் திறந்தான். 412. 430. 467.

இசைப்பிரியாவின் தம்பி அருள் வந்து நின்றான்.

"எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்க மாமா. இன்னும் என்னா பாத்துக்கினு நிக்கிறீங்க?"

"நீ போ. வரேன்."

வேன் இரண்டு முறை ஹார்ன் அடித்தது. எண் இறங்கத் தொடங்கும்வரை நிலவன் நகரவில்லை.