ஐந்தாவது மடி

நாலாவது ஆள் புதன்கிழமை காலை ஐந்தே காலுக்கு மாட்டிக்கொண்டாள்.

ஆள் என்றால் மாடு. கொம்பில்லாத மோழை. அண்ணி வழக்கம்போல முதல் பீச்சை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். பாலோடு திரிதிரியாக ஏதோ விழுந்தது. மடியின் பின்பக்கம் கல்லாக இறுகி, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. மோழை காலைத் தூக்கி ஓர் உதறு உதறினாள். வாளி உருண்டது.

"தம்பி, இவளுக்கும் வந்துடுச்சு" என்றாள் அண்ணி.

தீவனம் கலந்துகொண்டிருந்த கொழுந்தன் கையை உதறிவிட்டு வந்தான். அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவுக்கே அவள் அண்ணிதான். புருஷன் கப்பல் வேலைக்குப் போய் வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டுகிறவன். கொட்டகையும் ஒன்பது மாடுகளும் இவர்கள் இரண்டு பேர் பொறுப்பு. கறப்பது அண்ணி, மற்றதெல்லாம் கொழுந்தன்.

மூன்று வாரத்தில் நான்கு மடி. முதலில் செவலை. மேய்ச்சலுக்குப் போன இடத்தில் கம்பிவேலி அவள் காம்பைக் கிழித்தது. கிழிசலைத் தொடர்ந்து மடிநோய் வந்தது. அது புரிகிறது. ஆனால் அடுத்து விழுந்தவள் எதிர்வரிசைக் கோடியில் நின்ற கருப்பி. அதற்கடுத்து இந்தப் பக்கம் வெள்ளச்சி. இப்போது வாசலோரம் நின்ற மோழை. பக்கத்து மாடு, அதற்குப் பக்கத்து மாடு என்று பரவினாலாவது கணக்குப் புரியும். இந்த நோய் பாண்டி ஆடுவதுபோல் ஒரு கட்டம் விட்டு இன்னொரு கட்டத்துக்குத் தாவியது.

கொழுந்தன் தன் பங்குக்குத் துப்பறிந்து பார்த்துவிட்டான். தவிட்டை மாற்றினான். தண்ணீர்த் தொட்டியைச் சுரண்டிக் கழுவினான். பின்சந்து வீட்டுக்காரன் பொறாமையில் ஏதாவது செய்கிறானா என்று இரண்டு நாள் அவன் பின்னாலேயே நடந்து, கடைசியில் அவனிடமே மாட்டி அசடு வழிந்தான். அண்ணியின் சுத்தத்தைச் சந்தேகப்பட மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாது. அண்ணி கொட்டகையில் ஈகூடக் காலைக் கழுவிக்கொண்டுதான் உட்காரும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனே அவன்தான்.

மாட்டுத் தரகர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருந்தார்: ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம், செவலையை வெளியே அனுப்பு, மற்றது தானாகச் சரியாகும். அவர் வண்டியில் ஏறும் நோயாளி மாடு எங்கே இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டான். சொன்ன நாளிலிருந்து அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

தாய் செத்துப்போன கன்றாக வந்தவள் செவலை. அண்ணி புட்டியில் பால் கொடுத்து, தன் பழைய கம்பளியைப் போர்த்தி வளர்த்தவள். இன்றைக்கும் அண்ணியின் முந்தானையைச் சப்ப வருவாள்.

அன்று மாலையே மாட்டு டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. கொழுந்தன் தவிடு, தண்ணீர், பின்சந்து என்று ஆரம்பித்தான். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். வாய்மொழி வாக்குமூலம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தினமும் கறப்பதுபோல இப்போது கறக்கட்டும், தான் சும்மா பார்ப்பதாகச் சொன்னாள். காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு சாக்கட்டி.

அண்ணி வெந்நீர் வாளியோடு வந்தாள். அதில் அவளுடைய வெள்ளைத் துணி. தினமும் கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, மல்லுக்கட்டி வெளுத்த துணி. நேரே செவலையிடம் போனாள். மடியைத் துடைத்து, முதல் பீச்சைக் கையில் வாங்கிக் கறந்தாள். டாக்டரம்மா எழுந்து செவலையின் கம்பத்தில் '1' என்று எழுதினாள்.

அடுத்து எதிர்வரிசைக் கருப்பி. நேரமானால் அவள் உதைப்பாள். '2'. பிறகு இந்தப் பக்கம் வெள்ளச்சி. அவள் கன்று கத்திக் கூப்பாடு போடும். '3'. பிறகு மோழை. '4'. இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து யோசித்துப் போடவில்லை. மாடுகளின் குணத்தை அனுசரித்து அண்ணியின் கால்களே போட்டுக்கொண்டன.

ஐந்தாவதாக நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த சுட்டியிடம் குந்தினாள். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். மடிக்கும் துணிக்கும் நடுவே நாலு விரற்கடை.

"அம்மா, அப்படியே நிறுத்துங்க" என்றாள் டாக்டரம்மா.

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது.

எந்த மாடு எந்த வரிசையில் சீக்காச்சு என்று டாக்டரம்மா கொழுந்தனைக் கேட்டாள். அவன் விரல் விட்டுச் சொன்னான். செவலை, கருப்பி, வெள்ளச்சி, மோழை. சொல்லிக்கொண்டே கம்பங்களைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"உங்க துணி வாளியில போடுறப்ப சுத்தம்தான்மா. செவலையைத் துடைச்ச நிமிஷத்திலேருந்து அது தூது போகுது. துணி பாதி, கை பாதி. ஒவ்வொருத்தியாத் தொட்டுத் தொட்டு, அடுத்தது இவ."

அண்ணி துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கு மாட்டை ஏன் முதல்ல கறக்கிறீங்க?"

"அவளுக்குத்தானே வலி" என்றாள் அண்ணி.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்தாள். செவலையின் காம்புக் கிழிசலைக் கழுவி மருந்து தடவினாள். சீக்கான பக்கத்துப் பாலை ஒட்டக் கறந்து குழியில் கொட்டச் சொன்னாள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மூக்கு நீண்ட மருந்துக் குழாயை நுழைத்து அழுத்தி, மருந்தை மேல்நோக்கி நீவிவிட்டாள். நான்கு பேருக்கும் மூன்று நாள், இரு வேளையும். அந்தப் பாலில் ஒரு சொட்டுகூட விற்பனைக்கோ கன்றுக்கோ போகக் கூடாது.

பிறகு சட்டம் போட்டாள். நல்ல மாடுகள் முதலில், நோயாளிகள் கடைசியில், அதிலும் செவலை கடைசிக்கும் கடைசி. ஆளுக்கொரு துணி. ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முதல் பீச்சு உள்ளங்கையில் அல்ல, திரி பளிச்சென்று தெரிகிற கறுப்புத் தட்டில். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்க வேண்டும். இன்றைக்கு மிச்சமுள்ள ஐந்து பேருக்கும் இதெல்லாம் இப்போதே ஆரம்பம்.

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்தாவது மடி விழுந்தால் செவலை வண்டியேற வேண்டியதுதான், ஒருத்திக்காக எட்டை இழக்க முடியாது என்றான். டாக்டரம்மா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையசைத்தாள். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

பழைய போர்வை ஒன்று ஒன்பது துண்டானது.

வியாழக்கிழமை காலை செவலைக்கு நடப்பது புரியவில்லை. அண்ணி வருகிறாள், ஆனால் தன்னைத் தாண்டிப் போகிறாள். முதலில் மெல்லக் கூப்பிட்டாள். பிறகு கொட்டகையே அதிரக் கத்தினாள். அண்ணி திரும்பவில்லை. கைக்குழந்தையை அழவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி இருந்தது. கை கழுவினாள், தட்டில் பீச்சினாள், கை கழுவினாள். செவலையிடம் வந்து சேர்ந்தபோது மாடு அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. "கோவமா? இருந்துக்கோ. உசுரோட இருந்து கோவிச்சுக்கோ" என்றாள் அண்ணி, கழுத்தைத் தடவி.

வெள்ளிக்கிழமை சுட்டியின் தட்டில் வெள்ளையாக ஒரு பொட்டு. அண்ணி அவசரமாகக் குரல் கொடுத்தாள். கொழுந்தன் ஓடிவந்து குனிந்தான். விரலால் தொட்டான், நசுக்கினான், முகர்ந்தான். கூரைச் சட்டத்திலிருந்து உதிர்ந்த தவிட்டுத் தூசி. இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெளிச்சம் பரவும்போதே தரகரின் வண்டி வந்து பின்பலகையை இறக்கியது. பின்னாலேயே ஸ்கூட்டர். தரகர் கயிற்றோடு நேரே செவலையிடம் போனார். அவள் மடியை முதலில் கறந்து பார்த்துவிட்டால் தன் வேலை சுலபம் என்றார். கொழுந்தனும் அதுதான் சரி என்பதுபோல் அண்ணியைப் பார்த்தான்.

"வரிசை மாறாது. காத்திருக்கச் சொல்லுங்க தம்பி."

தரகர் காத்திருந்தார். முதலாவதாகச் சுட்டி. கறுப்புத் தட்டில் பால் விழுந்து ஓடியது. மாசு மருவில்லை. டாக்டரம்மா குழித்தட்டில் கொஞ்சம் பிடித்து, சம அளவு மருந்துநீர் ஊற்றிச் சுழற்றினாள். நோயிருந்தால் கொழகொழவென்று கெட்டியாகும். தண்ணீராகவே சுழன்றது. கொழுந்தன் ஏதோ முணுமுணுத்தான். அடுத்து நாலு பேர்; நாலும் சுத்தம். மோழையின் மடி இளகியிருந்தது. வெள்ளச்சிக்குத் திரி நின்றுவிட்டது. கருப்பிக்கு இரண்டே துணுக்கு. இத்தனைக்கும் நடுவில் செவலையின் கூப்பாடு ஓயவில்லை. தரகர் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் அண்ணி அவளருகே குந்தினாள். மூன்று காம்பும் தெளிவு. கிழிந்த காம்பைத் தொட்டபோதும் மாடு அசையவில்லை. முதல் பீச்சில் ஒரு துணுக்கு. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதிலிருந்து வெறும் பால்.

தரகர் அந்தத் துணுக்குகளைச் சுட்டிக்காட்டினார். டாக்டரம்மா குழித்தட்டைச் சுழற்றிக்கொண்டே, இன்னும் லேசாகக் கெட்டியாகிறது, சுத்தமாகப் போக ஒரு வாரமாகும், அந்தப் பக்கம் முன்னைப்போல முழுசாகப் பால் தராமலும் போகலாம் என்றாள். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கொழுந்தன் சுட்டியின் தட்டை எடுத்து இன்னொருமுறை பார்த்தான். பிறகு தரகரிடம் வந்தான்.

"நாலு நாளா இவ இதே கொட்டகையிலதான் நிக்கிறா. அஞ்சாவது மடி விழலை. விஷம் இவ இல்லைங்க, நாங்க வேலை செஞ்ச விதம். வண்டியைத் திருப்பிக்குங்க."

தரகர் மற்ற மாடுகளை ஒருமுறை கண்ணால் மேய்ந்துவிட்டு, பின்பலகையை ஏற்றச் சொன்னார். டாக்டரம்மா அடுத்த மருந்துக் குழாயை உடைத்தாள். அண்ணி அயோடின் கிண்ணத்தை நான்கு காம்புக்கும் தூக்கிப் பிடித்தாள். கண்ணைத் துடைக்கக் கை சும்மா இல்லை; தோளில் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, சாயங்காலமும் இவ கடைசிதானா?"

"இன்னும் பத்து நாளைக்குக் கடைசிதான்."

அன்று மாலை கறவை தொடங்கியபோது கொழுந்தன் ஒரு கட்டுப் பசும்புல்லோடு செவலையின் பக்கத்தில் போய் நின்றான். எட்டு மாடும் முடியும்வரை அவள் கழுத்தைச் சொறிந்தபடி பின்சந்து வீட்டுக்காரனைப் பற்றிய கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். செவலை இரண்டே முறைதான் கூப்பிட்டாள்.