எழுத்து மட்டும் தெளிவாக

பூபாலன் மலைமேல் இருந்த அந்தச் சிறிய பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது காலை பதினொரு மணி. திருப்பத்தூரில் டிவி, புரொஜெக்டர் பழுதுபார்க்கிறவர். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்திருந்தார். வகுப்பறை ஜன்னல்களைப் போர்வைகளால் மூடியிருந்தார்கள். உள்ளே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சரிதா டீச்சர் அவரைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். ஐந்தாவது படித்த ரம்யா போன ஆடியில் காய்ச்சலில் இறந்துபோனாள். அன்று கடைசி பஸ் போய்விட்டிருந்தது. ஜீப் பிடித்து மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. ஆதார் அட்டையில் இருப்பதைத் தவிர வீட்டில் அவளுக்கு வேறு படமில்லை. அதிலும் கைக்குழந்தை. ஆண்டு விழாவில் அவள் பேசியதை டீச்சர் தன் போனில் எடுத்து, பென்டிரைவிலும் ஏற்றி வைத்திருந்தார். பிறகு போன் உடைந்துபோனது. ஊரே பார்க்கட்டும் என்று புரொஜெக்டரில் போட்டால் சுவரில் எல்லாமே மங்கலாக விழுந்தது.

முன்வரிசையில் ரம்யாவின் அம்மா செல்லியம்மாள் இருந்தாள்.

பூபாலன் பென்டிரைவைக் கழற்றிவிட்டு மெனுவை மட்டும் போட்டார். மெனு மெஷினுக்குள்ளிருந்தே வருவது. அதுவும் மங்கினால் கோளாறு மெஷினில்தான். எழுத்துகள் நனைந்த மைபோல் கலங்கித் தெரிந்தன. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினார். வளையம் சுற்றியது, லென்ஸ் நகரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால், லென்ஸைப் பிடிக்கும் திருகு ஒன்று கழன்று அடியில் கிடந்தது. பழைய மெஷின், உள்கண்ணாடியில் ஈரம் ஏறி வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்து, திருகை முடுக்கி, மறுபடி போட ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது மெனு எழுத்துகள் ஊசியால் கீறியதுபோல் விழுந்தன.

வீடியோவைப் போட்டார். பின்னால் கட்டியிருந்த பேனரில் ‘ஆண்டு விழா’ என்ற எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அதற்கு முன்னால் ரம்யா நின்றாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கலங்கல். வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பேனரும் கெட்டதுதான் மிச்சம். கோளாறு படத்திலேயே என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

டீச்சருக்கும் புரிந்திருந்தது. போனின் சின்னத் திரையில் தெளிவாகத்தான் தெரிந்தது என்று பூபாலனின் காதோரம் முணுமுணுத்தார். மெஷின் கோளாறு என்றே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினார்.

லென்ஸ் போய்விட்டது, இனி சரியாகாது என்று பூபாலன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

செல்லியம்மாள் எழுந்து வந்தாள்.

“அப்போ வேற மெஷின்ல தெரியுமாண்ணா? உங்க கடையில மெஷின் கீதுங்களா? நாளைக்கே கீழ எறங்கி வர்றேன்.”

அவள் வந்துவிடுவாள் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அங்கேயும் தெரியாவிட்டால் வேலூருக்கும் போவாள்.

“இல்லம்மா. மெஷின் நல்லாத்தான் கீது. நான் சொன்னது பொய்,” என்றார். “புடிக்கறப்பவே பின்னாடி கீற பேனருதான் தெளிவா வுழுந்துருக்குது. புள்ள மொகம் வுழல. எதுல போட்டாலும் இவ்ளோதான்.”

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுத்து நல்லா தெரியுது,” என்றாள். “எனக்குப் படிக்கத் தெரியாதே.”

சரிதா டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள்.

இன்னொரு தடவை போடச் சொன்னாள் செல்லியம்மாள். கிட்டே போனால் தெரியுமோ என்று சுவரை நோக்கி நடந்தாள். அவள் நிழல் மகள்மேல் விழுந்து முழுதாக மறைத்தது. பின்வாங்கினாள். நிழல் விலகியது, அதே கலங்கல். அது முடியும்வரை நின்று பார்த்தாள்.

பூபாலன் கிளம்பியபோது அவளும் கூடவே நடந்தாள். பாதை பிரியும் இடத்தில் நின்று, உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். ரெண்டு பேர் என்றார்.

“போட்டோ கீட்டோ எடுத்து வச்சிக்கீறீங்களா?”

“இருக்குதும்மா.”

தலையை ஆட்டிவிட்டுச் சாமை விளைந்த கொல்லைப் பக்கம் இறங்கிப் போனாள். பஸ் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.