மத்தியா?

எங்க பட்டறையில ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கு அடியில படுக்கிறவன் "மத்தியா?"னு கேப்பான். மேல நிக்கிற ஆளு "மத்திலா"னு சொல்லணும். எஞ்சின் நின்னுருச்சானு கேள்வி, நின்னுருச்சுனு பதில். மலாய் வார்த்தை, செத்துப்போச்சுனு அர்த்தம். அர்த்தத்தையெல்லாம் யாரு யோசிச்சா? இருபத்திரண்டு வருஷமா நான் இந்தப் பதிலச் சொல்லிட்டு வாரேன். காதக் குடுத்துக் கேப்பேன். சத்தம் இல்லன்னா மத்தி, அவ்ளோதான்.

என் பேரு நவமணி. குனோங் ராபாட்ல ஸ்கந்தராஜா சாரோட பட்டறையில வயரிங் வேலை பாக்குறேன். என் தம்பி சுரேன் அங்கேயே மெக்கானிக். பொம்பளைக்கு என்னா வயரிங்னு கேட்டவனுங்க ரெண்டு பேரு இருந்தானுங்க. இப்ப இல்ல, நான் இருக்கேன்.

போன வருஷம் ஒரு கம்பெனி ராணுவத்துக்குக் காட்டுறதுக்காக ஹைபிரிட் லோரி ஒண்ணு செஞ்சு கொண்டாந்தாங்க. டீசல் எஞ்சினும் இருக்கும், பேட்டரியும் மோட்டாரும் இருக்கும். பத்து காஜா ஊருப் பக்கம், ரப்பர அழிச்சு செம்பனை, அதான் எண்ணெய்ப்பனை, போட்ட பழைய கித்தா தோட்டத்துல ஆறு வாரம் ஓட்டிப் பாக்கணும், பழுது பாக்குற வேலை எங்களுக்கு. ராணுவத்துக்குப் பிடிச்சிருந்தா அப்புறம் வர்ற எல்லா லோரியும் எங்க பட்டறைக்குத்தான். சுரேனுக்குத் தலைகால் புரியல. அந்த லோரிக்குன்னு கம்பெனி நடத்தின ரெண்டு நாள் வகுப்புல பரீட்சை எழுதி, பட்டறையிலேயே அவந்தான் முதல் மார்க்கு. அந்தச் சர்டிபிகேட்ட லேமினேட் போட்டு வெச்சிருக்கான், கிறுக்கன். அதே வகுப்புல நானும் உக்காந்திருந்தேன், நோட்டும் எழுதினேன். அதச் சொல்லித்தான் ஆகணும்.

லோரி நல்ல லோரிதான், பொய் சொல்லக்கூடாது. அஞ்சு லிட்டர் டீசல் குடிக்கிற தூரத்த நாலு லிட்டர்ல ஓடுச்சு. "காட்டுக்குள்ள சண்டை போடுறத விட அங்க டீசல் கொண்டு போறதுதான் பெரிய பாடு"னு கூட வந்த கேப்டன் சொன்னாரு. ரேடியோ, விளக்கு எல்லாம் பேட்டரியிலேயே ஓடும், தனி ஜெனரேட்டர் வேணாம். எஞ்சின நிறுத்திட்டு மோட்டார்ல மட்டும் போனா, செம்பனைக்கு அடியில நிக்கிற மாடு கூடத் திரும்பிப் பாக்காது. கேப்டனுக்கு அதுலதான் கொள்ளை ஆசை.

குறையும் இருந்துச்சு. பேட்டரி மட்டும் நானூறு கிலோ. தோட்டத்துப் பழைய பாலத்துல ஏத்த பயந்து சுத்திட்டுப் போனோம். மழை பேஞ்சா சேத்துல ஒரு முழம் கூடுதலா இறங்கும். வெயில்ல பேட்டரி சூடாகி மூச்சு வாங்கும். சாதாரண லோரின்னா எந்தப் பட்டிக்காட்டுக் கம்பத்து மெக்கானிக்கும் சுத்தியல வெச்சுக் கிளப்பிடுவான், இதுல பெரிய கரண்டு ஓடுற ஆரஞ்சு வயரத் தொட்டா ஆளே காலி. இதையெல்லாம் சார் நன்மை, செலவுனு ரெண்டு பத்தி போட்டு அழகா இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதிட்டு வந்தாரு.

நாலாவது வாரம், காலையில பத்து மணி இருக்கும். காஞ்ச செம்பனை மட்டை ஒண்ணு அடிப்பக்கமா ஏறி ரேடியேட்டர் காத்தாடியில சிக்கிக்கிச்சு. டிரைவர் கோப்ரல் அஸ்மான் நிறுத்திட்டு, சீட்டுல உக்காந்தபடியே ரேடியோவுல பேசிட்டிருந்தாரு. சுரேன் பாய விரிச்சு அடியில போனான். நான் பக்கத்துல டூல்ஸ் பெட்டியோட நின்னேன்.

"அக்கா, மத்தியா?"

நான் காதக் குடுத்தேன். குருவிச் சத்தம்தான் கேட்டுச்சு.

"மத்திலா!"னேன்.

சாவி ஆன்லதான் இருந்துச்சு. ரேடியோ பேட்டரியக் குடிச்சுக் குடிச்சு, அளவு இறங்கினதும் எஞ்சின் தானா எழுந்துருச்சு, கூடவே காத்தாடியும். அதுதான் அதோட வேலை. வகுப்புல படம் போட்டுச் சொன்னது, என் நோட்டுல ரெண்டு கோடு போட்டு எழுதினது. சாவிய எடு, ஆரஞ்சு பிளக்கப் புடுங்கு, அப்புறம் அடியில போ. நான் போய்ப் பாத்தேனா? இல்ல. காதால கேட்டேன்.

ஐயோ, அந்தக் கத்தல்.

பத்து காஜா ஆஸ்பத்திரியில உயிருக்கு ஒண்ணுமில்லைனாங்க. இடது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் போச்சு. கட்டு போட்டுப் படுத்திருந்தவன்கிட்ட சார் நடந்தத விசாரிச்சாரு. என் தம்பி, அந்த ராஸ்கல், என் மூஞ்சியப் பாக்காமலே சொன்னான்: "நான் கேக்கவே இல்ல சார். அவசரப்பட்டு அடியில போய்ட்டேன்."

எனக்கு வாய் வரல. அப்ப வரல. அந்த வெக்கத்த இன்னிக்கும் மறக்கல.

மறுநாள் சார் ரிப்போர்ட்ட நீட்டினாரு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், எல்லாமே மரியாதையாத்தான் வரும். "நவமணி, சாட்சியாக நீங்கள் ஒரு கையெழுத்துப் போடுங்கோ. லோரியில பிழை இல்லை. மெக்கானிக்கின் கவனக்குறைவு எண்டு எழுதியிருக்கிறன்."

"அப்படி எழுதினா சுரேன என்னா பண்ணுவாங்க?"

"இனி இராணுவ வண்டி எதையும் தொட விடமாட்டினம். என்ன செய்யிறது? அவனே சொல்லிப்போட்டான்."

நான் தாளப் பாத்தேன். நன்மைப் பத்தியில மூணாவது வரி: சத்தமில்லை.

"அவன் பொய் சொல்றான் சார். அவன் கேட்டான். நாந்தான் மத்தினு சொன்னேன்."

சார் பேனாவ மூடி வெச்சாரு. "யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ? இது எங்கட பட்டறைக்கும் கூடாது."

"தெரியும் சார். பேனாவக் குடுங்க."

செலவுப் பத்தியில கடைசி வரிக்குக் கீழ அதையே தமிழ்ல எழுதினேன்: சத்தமில்லை. அதுக்கும் கீழ, சாவியப் பாக்காம மத்தினு சொன்னது நவமணினு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். இங்கிலீஷ் ரிப்போர்ட்ல என் தமிழ் மட்டும் கோணலா நின்னுச்சு. சார் பேனாவ வாங்கி, பக்கத்துலயே மொழிபெயர்ப்ப எழுதினாரு. அழிக்கல.

லோரிய ராணுவம் வேணாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. வெளியில பெரிய சிவப்பு விளக்கு வை, லோரிக்குள்ள கரண்டு உயிரோட இருக்கிற வரைக்கும் அது எரியணும்னு கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினாங்க. என்னை எட்டு மாசம் அந்த வேலையில சேக்கல. வகுப்புல மறுபடியும் உக்காந்தேன், பாதி வயசுப் பொண்ணுங்களோட. சுரேன் என்கிட்ட ரெண்டு வாரம் பேசல. "உன்னை யாருக்கா எழுதச் சொன்னது?"னு அப்புறம் ஒரு நாள் வெடிச்சான். "உன்னை யாருடா பொய் சொல்லச் சொன்னது?"னு நானும் திட்டினேன். அதோட சரியாயிருச்சு.

போன மாசம் அதே லோரி விளக்கோட திரும்ப வந்துச்சு. முதல் நாளே சுரேன் அடியில போனான். பட்டறையில இப்ப அந்த வார்த்தைக்குத் தடை, சுவத்துல நோட்டீஸ் கூட ஒட்டியிருக்கு. இவன் கேக்குறான்:

"அக்கா, மத்தியா?"

விளக்கு அணைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா நான் விளக்கையும் நம்பல. "இருடா, வாரேன்"னு போய் சாவிய உருவினேன், ஆரஞ்சு பிளக்கப் புடுங்கினேன். குனிஞ்சு ரெண்டையும் அவன்கிட்ட நீட்டினேன். மூணு விரல் வெளிய வந்து வாங்கிக்கிச்சு.

"இனிமே நீயே சொல்லு"னேன்.

சாவி அவன் பையில விழுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அடியில இருந்து, "மத்திலா"னான்.