மூணு படம்னு எப்போது சொல்வது?

நான் எழுதியிருந்த கதை மூன்று படங்களுக்கானது. அதைத் தயாரிப்பாளரிடம் எப்போது சொல்வது என்பதில்தான் எனக்கும் என் மனைவி குணமதிக்கும் ஒரு வாரமாகச் சண்டை.

"முதல்லயே சொல்லிடுங்க" என்றாள்.

"மூணுன்னு கேட்டதுமே மனுஷன் மெட்ராஸ் பஸ் ஏறிடுவாரு. முதல் படம் ஓடட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"ஓடலைன்னா?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் ஊருக்குச் சாமி கும்பிட வந்திருந்த தயாரிப்பாளர் சகாதேவன், கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தார். மத்தியானம் கதையை ஆரம்பித்தேன். முதல் பாகம் முடிகிற இடத்தில், கதாநாயகி ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் நுழைகிறாள். உள்ளே இருட்டிலிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். மலைமேல் வெயில் மஞ்சளாகியிருந்தது. நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். சட்டென்று எழுந்தேன்.

"யாருய்யா கூப்புட்டது?" என்றார் சகாதேவன்.

"சாப்பிட்டுட்டு வந்து சொல்றேங்க" என்று வீட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவர் லாட்ஜ் வாசலிலேயே நின்றிருந்தார்.

"காப்பிகூட இறங்கலய்யா. யாரு கூப்புட்டது?"

மூணு படம் என்பதை மட்டும் விட்டுவிட்டு, மீதிக் கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதய்யா. இது ஒரு படத்துல அடங்காது. மூணா எடுக்கணும். உனக்கு இதெல்லாம் தோணாது, தொழில்ல ஊறினவனுக்குத்தான் தெரியும்."

எனக்குக் கோபம் மூக்கு வரைக்கும் வந்தது. ஒரு வாரச் சண்டை தீர்ந்ததே என்று குணமதியை நினைத்துக்கொண்டு விழுங்கினேன்.

"அடடா! எப்படிங்க உங்களுக்கு இப்படியெல்லாம் தோணுது?" என்றேன்.